படுக்கையில் இருப்பவருக்கும் காதுண்டு

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்காகச் சென்னை சென்றிருந்தேன். மணநாளுக்கு மறுநாள் மாலை கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்து தொலைக்காட்சியில் ஒரு திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். நடிகை ரேவதி இயக்கி 2022 டிசம்பரில் வெளியான 'சலாம் வெங்கி' என்னும் இந்திப் படம் அது. தசைச் சிதைவு நோயால் படுக்கையில் விழுந்துவிட்ட மகன், தன் உறுப்புகள் கெடுமுன் தன்னை இறக்கவிட்டு அவற்றைப் பிறருக்கு வழங்குமாறு தாயை வேண்டுகிறான். தாய் நீதிமன்றப் படியேறுகிறாள். படம் முடிந்தபோது அங்கே அழாதவர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட உறவுக்காரப் பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க மாமா. பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவரு நீங்க. அவ்வளவு வேதனைப்படறதுக்கு ஒரு ஊசியிலே அனுப்பி வைக்கிறதுதானே கருணை?"

எல்லாரும் என்னைப் பார்த்தனர். மணவீட்டில் சாவைப் பற்றிப் பேசுதல் முறையன்று என்று எண்ணி எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று எழுதுகிறேன். நான் மருத்துவனல்லன், இறையியல் பயின்றவனும் அல்லன். செஞ்சியில் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். மகளைப் புதைத்த தகப்பன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

ஓர் இரவு

என் மகளுக்கு எலும்புப் புற்றுநோய். இருபத்திரண்டாம் வயதில் முழங்காலுக்கு மேல் ஒரு வீக்கமாகத் தொடங்கியது. கால் போயிற்று, பிறகு நோய் நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் சென்றது. பதினான்கு மாதங்கள் மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலைந்தோம். அவள் தாயின் நகைகள் முதலில் போயின. பிறகு என் தந்தை விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் நிலம் அடமானத்திற்குப் போயிற்று. இவையெல்லாம் அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒரு நகர மருத்துவமனையில் இருந்தபோது வந்த இரவை மறக்க இயலாது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய வலி நள்ளிரவாகியும் அடங்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு அவள் எழுப்பிய ஓசை மனிதக் குரலாகவே இல்லை. இரண்டு மணியளவில் சற்று ஓய்ந்தாள். மயங்கிவிட்டாள் என எண்ணினேன். மருந்து கொடுக்க வந்த செவிலியரிடம், கட்டிலின் கால்மாட்டில் நின்றவாறே, "ஏதாவது ஊசி போட்டு முடிச்சு விட்டுடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்கிறவன், கருணைக்கொலை பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், அன்று அதையே கேட்டேன். ஆகவே இதைக் கேட்கிற எந்தப் பெற்றோர் மீதும் கல்லெறிய எனக்குக் கையில்லை.

அந்தச் செவிலியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மெதுவாக ஒன்று கேட்டார்: "ஐயா, உங்களுக்கு வலி போகணுமா, பொண்ணு போகணுமா?"

மறுநாள் காலை அவரே சென்று வலி நீக்கும் பிரிவின் மருத்துவரை அழைத்துவந்தார். நான்கு மணிக்கு ஒருமுறை வாய்வழியே மார்ஃபின். அதனால் வரும் மலச்சிக்கலுக்குக் கூடவே ஒரு மருந்து. இரண்டாம் நாள் மாலை என் மகள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றாள். இந்த மருந்து அரிய கண்டுபிடிப்பன்று. நூற்றாண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்தது. விலையும் மிகக் குறைவு. பதினான்கு மாதங்களில் எங்களிடம் இதைப் பற்றிச் சொன்னவர் ஒருவருமில்லை.

மருத்துவர்கள் செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றியும் பேசினர். அதனால் நோய் தீராது, சில நாட்கள் நீளலாம் என்று மறைக்காமல் கூறினர். வேண்டாம் என்று சொல்லி அவளைச் செஞ்சிக்கு அழைத்துவந்தோம். பங்குத்தந்தை வந்து நோயிற்பூசுதல் வழங்கினார். பத்தொன்பது நாட்கள் வீட்டிலிருந்தாள். மாடி அறையின் சன்னல் வழியே கிருஷ்ணகிரிக் கோட்டை தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். தம்பியுடன் தாயம் ஆடினாள், ஏமாற்றினாள், பிடிபட்டபோது சிரித்தாள். குழம்பில் உப்பில்லை என்று தாயிடம் சண்டை பிடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை நானும் அவளும் தனியே இருந்தபோது சொன்னாள்: "அப்பா, அன்னிக்கு ராத்திரி நர்ஸம்மாகிட்ட நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

எனக்கு நா எழவில்லை. அவளே தொடர்ந்தாள்: "வலியைவிட அதுதான்பா பயமா இருந்துச்சு. உங்களுக்கு நான் சலிச்சுப் போயிட்டேனோன்னு நினைச்சேன். மறுநாள் யாராவது வந்து சம்மதமான்னு கேட்டிருந்தா, சரின்னு சொல்லியிருப்பேன். உங்களுக்காக. நிலமாவது மிஞ்சட்டும்னு."

பிறகு தம்பியைக் கூப்பிட்டுத் தாயக்கட்டையை எடுத்துவரச் சொன்னாள்.

சம்மதம் என்பது யாது?

கருணைக்கொலைக்காக வாதாடுவோர் தம் மாளிகை முழுவதையும் ஒரே தூணின்மேல் எழுப்புகின்றனர். அத்தூண் நோயாளியின் சம்மதம். "அவருடைய உயிர், அவருடைய விருப்பம், இடையில் நீ யார்?" என்று வினவுகின்றனர். அந்தத் தூண் எதனால் ஆக்கப்படுகிறது என்பதை என் மகள் எனக்குக் கற்பித்தாள். வலி நீக்கப்படாத இரவும், அடமானத்திலுள்ள நிலமும், களைத்துப்போன தகப்பனின் குரலும் சேர்ந்து உருவாக்கியிருக்கக் கூடியது அவளுடைய சம்மதம். எந்த மருத்துவர் வந்து கேட்டிருந்தாலும் அவள் தெளிந்த அறிவோடு 'சரி' என்றிருப்பாள். படிவத்தில் கையொப்பமும் இட்டிருப்பாள். சட்டம் நிறைவடைந்திருக்கும். அது விருப்பமாக இருந்திராது; எங்கள்மேல் அவள் கொண்ட அன்பை அவளுக்கெதிராகவே நாங்கள் திருப்பியதாக இருந்திருக்கும்.

இது வறுமைநாட்டின் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் 1997 முதல் மருத்துவர் தரும் மருந்தால் உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அம்மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், அவ்வழியை நாடியோர் கூறிய காரணங்களுள் முன்னிற்பது வலி அன்று. தம் வாழ்வு தம் வசத்தில் இல்லை, முன்பு மகிழ்ந்து செய்தவற்றைச் செய்ய இயலவில்லை, மதிப்பிழந்தோம் என்பனவே முன்னிற்கின்றன. குடும்பத்தாருக்குச் சுமையாகிவிட்டோம் என்னும் அச்சமும் வலியைவிட மிகுதியானவர் வாயிலிருந்து வருகிறது. கனடாவில் 2016இல் இச்சட்டம் வந்தபோது சாவு அண்மையில் உள்ளவர்க்கே என்றார்கள். 2021இல் சாவு அண்மையில் இல்லாத நோயுற்றோர்க்கும் மாற்றுத்திறனாளருக்கும் கதவு திறக்கப்பட்டது. பெல்ஜியம் 2014இல் வயது வரம்பையே நீக்கிச் சிறாருக்கும் அனுமதி தந்தது. கதவு ஒருமுறை திறந்தால், உள்ளே வரச்சொல்லி அழைக்கும் குரலைப் படுக்கையில் கிடப்பவர் நாள்தோறும் கேட்க வேண்டியதாகிறது.

திரையும் செய்தித்தாளும்

இந்தக் குரலை உரக்க எழுப்புவன ஊடகங்கள். அவற்றின் மீது எனக்குள்ள குற்றச்சாட்டு ஒன்றே: படுக்கையில் இருப்பவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அவை மறந்துவிடுகின்றன.

'சலாம் வெங்கி' படத்திற்கு அடிப்படையானது உண்மை வரலாறு. ஐதராபாத்தைச் சேர்ந்த வெங்கடேஷ் என்னும் இளைஞர் 2004 டிசம்பரில் ஆந்திர உயர்நீதிமன்றத்தை நாடினார். மூளைச்சாவு அடையாதவரின் உயிருறுப்புகளை அவ்வாறு எடுக்க 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் இடந்தரவில்லை என்று கோரிக்கை மறுக்கப்பட்டது. அம்மாதமே அவர் மறைந்தார். பிறருக்கு ஈய விரும்பிய அவர் உள்ளம் உயர்ந்தது. ஆயினும் ஒருவரைக் காக்க இன்னொருவரை முடிக்குமாறு மருத்துவரைப் பணிக்க முடியாது என்ற சட்டம் கல்நெஞ்சமுடையதன்று. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் மகனை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தூக்கியும் புரட்டியும் ஊட்டியும் காத்தாரே அந்தத் தாய், அந்த ஆண்டுகளன்றோ காவியம்! ஆனால் நாட்டின் நினைவில் நின்றது அவர் நீதிமன்றம் ஏறிய சில நாட்களே.

2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரே இரவில் ஆஸ்கார் விருது பெற்ற இரு படங்களை எண்ணிப் பாருங்கள். சிறந்த படமாகத் தேர்ந்த 'மில்லியன் டாலர் பேபி', சிறந்த பிறமொழிப் படமாகத் தேர்ந்த ஸ்பெயின் நாட்டின் 'தி சீ இன்சைட்' ஆகிய இரண்டிலும் கழுத்தெலும்பு முறிந்து உடல் முடங்கியவர் பிறர் உதவியால் சாகிறார். அதுவே அன்பின் உச்சமாகக் காட்டப்படுகிறது. முதற்படத்தை எதிர்த்து அந்நாட்டு மாற்றுத்திறனாளர் அமைப்புகள் குரலெழுப்பின. அதே நிலையில் உயிர்வாழும் ஆயிரமாயிரம் பேருக்கு அப்படம் என்ன சொல்கிறது என்பதே அவர்கள் கேள்வி.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக்கின் வரலாறு நாமறிந்ததே. 1973 நவம்பரில் கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18இல் நிமோனியாவால் இறக்கும்வரை நாற்பத்தோர் ஆண்டுகளுக்கும் மேலாக அம்மருத்துவமனையின் செவிலியரே அவரைத் தம் குழந்தைபோல் பேணினர். உணவை மசித்து ஊட்டினர். இத்தனை ஆண்டுகளில் படுக்கைப்புண் ஒன்றும் வரவிடவில்லை என்பது உச்சநீதிமன்றப் பதிவிலேயே உள்ளது. எழுத்தாளர் ஒருவர் அவருக்கு உணவளிப்பதை நிறுத்துமாறு கோரியபோது, அச்செவிலியர்கள் எதிர்த்து நின்றனர். 2011 மார்ச் 7இல் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது. ஆனால் செய்தித்தாள்கள் பல அந்தப் பெண்ணைக் 'காய்கறி நிலையில் உள்ளவர்' என்றே எழுதின. காய்கறி! மனித உடலுக்கு இப்பெயரைச் சூட்டிவிட்ட பிறகு, நறுக்குவதா வேண்டாமா என்பது மட்டுமே மிஞ்சும் கேள்வி.

நம் தமிழ்த் திரையுலகம் இவ்வகையில் மேலானது என்பேன். தென்மாவட்டங்களில் முதியோர்க்கு எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்துக் கதை முடிக்கும் 'தலைக்கூத்தல்' வழக்கத்தைப் பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்' படம் கொலை என்றே காட்டியது. தேசிய விருதும் பெற்றது. 2019இல் வந்த மதுமிதாவின் 'கே.டி.' படத்தில், நினைவிழந்து கிடந்த முதியவர் விழித்துக்கொண்டு, தம் மக்கள் தமக்கு நாள் குறிப்பதைத் தம் காதாலேயே கேட்டுவிட்டு வீட்டைவிட்டு ஓடுகிறார். அரங்கில் எல்லாரும் சிரித்தனர், நான் அழுதேன். சிற்றூர் ஏழை எண்ணெய்க் கிண்ணத்தோடு செய்தால் கொலை. வெள்ளை அங்கி அணிந்தவர் ஊசியோடு செய்தால் மாண்பு என்பது எவ்வூர் நீதி?

சாவை அழகாக்கிக் காட்டுதல் புதியதுமன்று. எங்கள் செஞ்சியில் செட்டிகுளக்கரைக்குச் சென்று பாருங்கள். 1714இல் போரில் மாண்ட தேசிங்குராசனின் உடல் எரிந்த இடமும், அவ்வெரியில் அவன் இளம் மனைவி புகுந்த இடமும் அதுவே என்று காட்டுவர். அவள் நினைவாக இராணிப்பேட்டை என ஓர் ஊருக்கே பெயரிட்டனர். தேசிங்கின் கதை தெருக்கூத்திலும் பாட்டிலும் ஊர் ஊராகப் பரவியது. 2025 சூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமான பின்னர் வருவோர்க்கும் இக்கதை சொல்லப்படுகிறது. முப்பது ஆண்டுகள் நானும் மாணவர்களுக்கு இதைச் சிலிர்ப்போடு சொன்னேன். அந்தப் பெண்ணின் காதில் அந்த நாளில் விழுந்த சொற்கள் எவை என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. அவளும் சம்மதித்தாள் என்றுதான் கதை சொல்கிறது. நம் நாடு 1987இல் இயற்றிய சட்டத்தில் உடன்கட்டையை மட்டுமன்று, அதைப் புகழ்ந்து பரப்புதலையும் குற்றமாக்கியது. புகழுரையே அடுத்த பெண்ணைத் தீயை நோக்கித் தள்ளும் கை என்பதைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருந்தனர். அந்த உணர்வு நம் திரைத்துறையினருக்கும் செய்தியாளர்க்கும் வேண்டும்.

எது கொலை, எது கொலையன்று

"அப்படியானால் உம் மகளுக்குச் சுவாசக் கருவியை மறுத்தது மட்டும் என்ன?" என்று என்னைக் கேட்டோர் உண்டு. காசுக்கு அஞ்சிப் பிள்ளையைச் சாகவிட்டான் என்று புறம்பேசிய உறவினரும் உண்டு. இங்குதான் பெருங்குழப்பம் விளைகிறது.

பயன் தராத, உடலுக்குப் பெருஞ்சுமையான சிகிச்சையை வேண்டாம் எனல் கொலையன்று. சாவைத் தடுக்கவியலாமையை ஏற்றுக்கொள்ளுதலே அது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2278ஆம் எண்ணில் தெளிவாகக் கூறுகிறது. உயிரைப் போக்கும் நோக்கத்தோடு செய்வதே கருணைக்கொலை. வலி தணிக்கும் மருந்தால் வாழ்நாள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும், நோக்கம் வலி நீக்கமே எனில் அம்மருந்தைத் தரலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957லேயே மருத்துவர்களுக்கு விளக்கினார். 1995இல் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் கருணைக்கொலையைக் கடுமையாகக் கண்டித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2005 ஏப்ரலில் தம் இறுதி நாட்களில் மருத்துவமனைக்குத் திரும்பாமல் தம் அறையிலேயே இருந்து இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதியதும் அவர் இறந்ததும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

நம் நாட்டு உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9இல் மருத்துவ உயிலை ஏற்றுக்கொண்டது; 2023இல் அதன் நடைமுறைகளை எளிதாக்கியது. ஆனால் சிகிச்சையை நிறுத்துவதை அது 'செயலற்ற கருணைக்கொலை' என்றே பெயரிட்டு அழைத்தது. இச்சொல்லைக் கைவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2018இல் வலியுறுத்தியது. சரியன்றோ? நானும் என் மனைவியும் எடுத்த முடிவுக்குக் 'கொலை' என்னும் சொல் ஒட்டிக்கொள்வதால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. கொலை செய்யாத பெற்றோர் குற்றவுணர்வில் வேகின்றனர். உண்மையான கொலையோ இதனோடு கைகோத்துக்கொண்டு கண்ணியமான பொருளாக வீட்டிற்குள் நுழைகிறது.

நம் வீட்டுக் குற்றம்

ஊடகத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது. என் மகள் வலியில் துடித்தபோது பார்க்க வந்த நம் மக்களுள் சிலர், "ஆண்டவருடைய பாடுகளோடு ஒப்புக்கொடும்மா, மருந்து போட்டு மழுங்கிடாதே" என்று அறிவுரை கூறினர். கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசு மறுத்தார் என்பதையும் எடுத்துக்காட்டினர். அவர் தமக்கு மறுத்தார். தம்மிடம் வந்த நோயாளி எவருக்கும் நலத்தை மறுத்ததாக நற்செய்தியில் எங்கேனும் உண்டா? பிறர் வலியை ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமையில்லை. மருந்தின்றித் துடிக்கும் ஒருவரிடம் துன்பத்தின் மேன்மையைப் பேசும் நாம்தான், அவரைக் கருணைக்கொலைக்காரரின் வாசலுக்கு முதலில் அனுப்பிவைக்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் தொடங்கிய இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் உலகிற்கு வழிகாட்டிற்று. மும்பையில் 1986இல் தொடங்கிய 'சாந்தி அவேதனா' இல்லம் நம் நாட்டில் அவ்வகையில் முதலாவது. அங்கே பணிபுரிவோர் நம் அருட்சகோதரியர். கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். இராஜகோபால் முதலியோர் 1993இல் தொடங்கிய வலிநிவாரண மையத்திலிருந்து கேரளமெங்கும் தெருக்கு ஒரு தொண்டர் எனும்படி ஓர் இயக்கமே எழுந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிருந்த நிலை, 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தளர்ந்தது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையிலிருப்போரை வீடு தேடிச் சென்று பேணுதலும் அடங்கும். மருந்துக்கு அடங்காத வலியும் அரிதாக உண்டு. அப்போது இறுதி நாட்களில் மயக்கநிலையில் வைத்துக் காக்கவும் மருத்துவம் அறியும், திருச்சபையும் இசையும்.

நம் பங்குகளில் திருவிழாக் குழு உண்டு, பாடற்குழு உண்டு. படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போடத் தெரிந்த நால்வர் உள்ள குழு எத்தனை பங்குகளில் உண்டு? இரவில் கண்விழித்துக் களைத்த தாயை ஒரு நாள் உறங்கவைத்துவிட்டு அவள் இடத்தில் அமர்வோர் எத்தனை பேர்? நள்ளிரவில் என் வாயிலிருந்து வந்த சொல் இறைநம்பிக்கையின்மையால் வந்ததன்று. உறக்கமின்மையால், அறியாமையால், தனிமையால் வந்தது. இம்மூன்றையும் போக்க இறையியல் புலமை வேண்டியதில்லை.

எண்ணியவர் ஒருவர்

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் செல்லும் வழியில் திருநாதர்குன்று உள்ளது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அருகே, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாகப் பல்லவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 'ஐ' என்னும் தமிழெழுத்து காணப்படும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்றென அறிஞர் கூறுவர்.

"உங்க ஊர்லயே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுதானே சார் இது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அன்று. அது துறவி தாமே மேற்கொண்ட நோன்பு. அவரைக் கொல்லுமாறு எவரிடமும் அவர் வேண்டவில்லை. அவர் இருப்பது சுமை என எவரும் அவருக்குச் சொல்லவுமில்லை. அந்நெறி என் நெறியன்று. அதற்குத் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. 2015இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அந்நோன்பைத் தற்கொலை என்று தடுத்ததும், அதே மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்ததும் அதைப் பற்றிய வழக்கு எளிதன்று என்பதைக் காட்டும்.

ஆனால் மகள் இறந்தபின் ஒருநாள் அக்குன்றின்மேல் அமர்ந்திருந்தபோது அக்கல்வெட்டில் நான் கண்டது வேறு. சந்திரநந்தி ஐம்பத்தேழு நாட்கள் நோன்பிருந்தார் என்று அது கூறுகிறது. ஐம்பத்தேழு! அப்படியெனில் ஒவ்வொரு நாளும் அவர் அருகே அமர்ந்து எண்ணியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் கல்லில் இல்லை.

என் வீட்டு மாடி அறை நாட்காட்டியில் பத்தொன்பது கட்டங்களில் பென்சிலால் சிறு சிலுவைக்குறி இட்டிருக்கிறேன். அந்த இரவில் அச்செவிலியர் என் சொல்லைக் கேட்டு நடந்திருந்தால் அவற்றுள் ஒன்றும் இராது. உப்பில்லாக் குழம்புச் சண்டையும் தாயக்கட்டையும் இரா. "எனக்குக் கேட்டுச்சு" என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள்; நான் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன்; அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

ஆகவே, அன்று என்னைக் கேட்ட மகளே, உனக்கு என் விடை இது: வலியை அனுப்பிவைப்பது கருணை, பிள்ளையை அனுப்பிவைப்பது கருணையன்று. அடுத்த முறை அப்படத்தைப் பார்க்கும்போது ஒன்று செய். பக்கத்து அறையில் யாரேனும் நோயுற்றுப் படுத்திருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார். இருந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர் அருகே சென்று உட்கார்.